வீட்டில் செய்த இயந்திரத்தின் உண்மையான விலை என்ன?

வர்த்தக சகோதரர்களே, இரும்புக் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது: "நானா, இந்தத் தகட்டை இந்த அளவுக்கு வெட்டி, நாலு துளையும் போட்டுத் தருவீங்களா?" எமது கடையிலும் தினமும் இரண்டு மூன்று பேர் இப்படிக் கேட்பார்கள். நாம் தகட்டை முழுசாக விற்போம். வெட்டுவதற்கு அவர்கள் வெல்டிங் பட்டறையைத் தேடிப் போவார்கள். கேஸ் கட்டரால் கையில் வெட்டினால் ஓரம் பல்லுப் பல்லாக இருக்கும். நேர்த்தியாக வேண்டுமென்றால் கொழும்புக்கு அனுப்பி ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். லொறிக் கூலி வேறு. இருபத்தைந்து வருடங்களாக இந்த வியாபாரம் என் கண்முன்னே கடையை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது.

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தங்கையின் மகன் கட்டாரிலிருந்து திரும்பி வந்தான். அங்கே ஓர் இரும்பு வேலைத் தொழிற்சாலையில் நான்கு வருடங்கள், கொம்பியூட்டரால் இயங்கும் பிளாஸ்மா வெட்டும் மேசையில் வேலை செய்தவன். "மாமா, ரெடிமேட் மெசின் வாங்கினால் பெரிய காசு. எங்கட கராஜில் நாங்களே செய்வோம். கால்வாசிச் செலவில் முடிக்கலாம்" என்றான். நான் சம்மதித்தேன். மேசை செய்து முடிந்தது. இன்றும் ஓடுகின்றது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் "கால்வாசிச் செலவு" என்ற அந்தக் கணக்கு பிழைத்துவிட்டது. எங்கே பிழைத்தது என்பதை எழுதுவதுதான் இவ்வாரப் பாடம். சொந்தமாக ஏதாவது இயந்திரம் செய்ய நினைக்கும் எவருக்கும் இது பயன்படும்.

இயந்திரம் எப்படி வேலை செய்கின்றது?

காற்றை அழுத்தி ஒரு சிறு துளை வழியாக அனுப்பி, அதனூடாக மின்சாரத்தைப் பாய்ச்சினால் அந்தக் காற்று பிளாஸ்மாவாக மாறுகின்றது. அதன் வெப்பம் 20,000 பாகை செல்சியஸையும் தாண்டும். அந்தச் சூட்டில் தகடு உருகும். உருகியதைக் காற்றே கீழே ஊதித் தள்ளிவிடும். மின்சாரம் பாயும் உலோகம் எதையும் இப்படி வெட்டலாம். இரும்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம் எல்லாம் வெட்டுப்படும். மரமோ பிளாஸ்ரிக்கோ வெட்டுப்படாது.

இந்த டோர்ச்சைக் கையில் பிடிக்காமல், ஒரு மேசையின் மேல் குறுக்கும் நெடுக்கும் ஓடும் பாலத்தில் பொருத்திவிட வேண்டும். மோட்டர்கள் அதை நகர்த்தும். எங்கே, எவ்வளவு வேகத்தில் போவது என்பதைக் கொம்பியூட்டர் சொல்லும். நாம் வரைந்த படத்தை எழுத்தும் இலக்கமுமான கட்டளை வரிகளாக மாற்றி அது வாசிக்கின்றது. இதற்கான மென்பொருளைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருள் இலவசம். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 1990களில் செய்த ஒரு முயற்சியிலிருந்து வளர்ந்தது. படம் வரைய இங்க்ஸ்கேப் உண்டு, அதுவும் இலவசம்.

இன்னுமொரு முக்கிய பாகம், டோர்ச்சின் உயரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. வெட்டும்போது டோர்ச் தகட்டிலிருந்து சுமார் 1.5 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்க வேண்டும். ஆனால் தகடு சூட்டில் வளையும். டோர்ச் தூரமானால் மின் அழுத்தம் கூடும், கிட்டவானால் குறையும். அந்த வோல்ட்டேஜை அளந்து டோர்ச்சை ஏற்றி இறக்குவதே இக்கருவியின் வேலை. செலவைக் குறைக்க இதை விட்டுவிடலாம் என்று நினைத்தோம். முதல் நாளே டோர்ச் தகட்டில் முட்டியது.

முதலில் கொப்பி, பிறகு இரும்பு

நாங்கள் சரியாகச் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்கின்றேன். மருமகன் எட்டடிக்கு நாலடி மேசை செய்ய ஆசைப்பட்டான். நான் ஒரு சீஆர் கொப்பியை மேசை மீது வைத்து, மூன்று மாதங்கள் கடையில் வெட்டு வேலை கேட்டு வந்தவர்கள் எல்லோரையும் பதிந்தேன். என்ன துண்டு, என்ன தடிப்பு, எத்தனை என்று எழுதினேன். 64 பேர் கேட்டிருந்தார்கள். அதில் 51 பேர் கேட்டவை நாலடிக்குள் அடங்குபவை. தூண்களுக்கான அடித்தகடு, கேட்டுக்கான பூ வேலை, டிரெக்டர் பெட்டிக்கான பிறெக்கட் போன்றவைதான். தடிப்பு பெரும்பாலும் 3 முதல் 10 மில்லிமீற்றர்.

ஆகவே நாலடிக்கு நாலடி மேசை போதும், 45 ஆம்பியர் பிளாஸ்மா போதும் என்று முடிவெடுத்தோம். பாரத்தையும் கணக்கிட்டோம். தகட்டின் நீளம், அகலம் மீற்றரிலும், தடிப்பு மில்லிமீற்றரிலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 7.85ஆல் பெருக்கினால் இரும்பின் எடை கிலோவில் வரும். எட்டடிக்கு நாலடி 6 மில்லிமீற்றர் தகடு சுமார் 140 கிலோ. பாதியாக்கினால் 70 கிலோ. இரண்டு பேர் தூக்கலாம். மேசையின் அளவைத் தீர்மானித்தது ஆசையல்ல, கொப்பி. இல்லாவிட்டால் பத்தடி அகலக் கராஜில் எட்டடி மேசையைப் போட்டுவிட்டுத் தகட்டைத் திருப்ப இடமில்லாமல் நின்றிருப்போம்.

சாமான் செலவு

இறக்குமதி செய்து தரும் ரெடிமேட் மேசைக்கு எமக்குச் சொல்லப்பட்ட விலை 28 இலட்சம் ரூபா. நாம் வாங்கிய சாமான்களின் கணக்கு இது:

பிளாஸ்மா இயந்திரம் 165,000 ரூபா.
கொம்பிரஷர், நீர் வடிகட்டி, காற்றுலர்த்தி 120,000 ரூபா.
பொக்ஸ் பார், ஓடு தண்டவாளம், பல்சட்டம் 135,000 ரூபா.
மோட்டர்கள், அவற்றை இயக்கும் டிரைவர்கள், பவர் சப்ளை 95,000 ரூபா.
கட்டுப்பாட்டுப் பலகை, உயரக் கருவி 70,000 ரூபா.
பழைய கொம்பியூட்டர் 30,000 ரூபா.
தண்ணீர்த் தட்டு, வயர், ஏர்த் கம்பி முதலியன 25,000 ரூபா.

மொத்தம் 640,000 ரூபா. இது நாம் வாங்கியபோது இருந்த விலை. நீங்கள் வாங்கும்போது மாறியிருக்கும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். எனவே தொகையை விட்டுவிட்டுத் தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

28 இலட்சத்துடன் பார்த்தால் 640,000 என்பது கால்வாசிக்கும் குறைவு. மருமகன் சொன்னது சரிதானே என்று எனக்குள் ஒரு சந்தோஷம். ஆனால் இரண்டு வரிகள் அந்தப் பட்டியலில் எழுதப்படவில்லை.

எழுதாத முதல் வரி: கெட்டுப்போனவை

மலிவாகக் கிடைக்கின்றது என்று முதலில் ஒரு பிளாஸ்மா இயந்திரம் வாங்கினோம். உயர் அதிர்வெண் பொறியால் பற்றவைக்கும் வகை அது. கையால் வெட்டுவதற்கு நல்ல இயந்திரம். ஆனால் டோர்ச் பற்றிய அடுத்த நொடியே கொம்பியூட்டர் உறைந்து நின்றது. சில நேரம் மோட்டர்கள் தாமாக வேறு திசைக்கு ஓடின. அந்தப் பொறி ஒரு சிறு வானொலி நிலையம் போல நாலாபுறமும் இரைச்சலைப் பரப்புகின்றது என்பது பிறகுதான் புரிந்தது. கொம்பியூட்டரோடு சேர்த்து ஓட்டுவதற்கு, காற்றின் அழுத்தத்தால் உள்ளேயே பற்றிக்கொள்ளும் வகையைத்தான் வாங்க வேண்டும். முதல் இயந்திரத்தை ஒரு வாகன கராஜுக்கு நட்டத்தில் விற்றோம்.

இரண்டாவது, எமது மழை நாட்டின் ஈரக் காற்று. கொம்பிரஷர் தொட்டியில் சேரும் தண்ணீர் டோர்ச்சுக்குள் போனால் நொசிலும் இலெக்ட்ரோடும் ஒரே நாளில் தேய்ந்துவிடும். வடிகட்டி வாங்கும்வரை பெட்டி பெட்டியாக அவற்றை எறிந்தோம். இரண்டையும் சேர்த்து நட்டம் 80,000 ரூபா.

எழுதாத இரண்டாவது வரி: உழைப்பு

மருமகன் பகலில் வேறிடத்தில் வேலை செய்தான். மஃரிபுக்குப் பிறகு கராஜ். மாதம் சராசரி 90 மணி நேரம், எட்டு மாதங்கள். நான் பணம் போட்டவன் என்ற நினைப்பில் அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போவேன். ஒருநாள் தங்கை கேட்டாள்: "காக்கா, மெசின் உங்கட. எட்டு மாசம் கண் முழிச்சது என்ட மகன். அவனுக்கு என்ன?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. லாபத்தில் பாதி தருவேன் என்று வாயால் சொல்லியிருந்தேன். லாபமே வராத இந்த எட்டு மாதங்களுக்கு எதுவும் பேசியிருக்கவில்லை. அந்நியர் ஒருவருடன் என்றால் முதல் நாளே எழுதியிருப்பேன். சொந்தம் என்பதால் எழுதவில்லை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகறா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியே பேசுகின்றது என்று எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கின்றேன். கேட்டது வேறு, செய்தது வேறு.

ஊர் மௌலவியுடன் ஆலோசித்து இரண்டு விடயங்களை எழுதிக்கொண்டோம். ஒன்று, மேசை செய்த 720 மணி நேரத்துக்கு மணிக்கு 500 ரூபா வீதம் 360,000 ரூபா நான் அவனுக்குத் தர வேண்டிய கூலி. மாதாமாதம் கொடுத்துத் தீர்த்தேன். இரண்டு, அதன் பின்னரான தொழில் முளாரபா. முதல் என்னுடையது, உழைப்பு அவனுடையது, லாபத்தில் ஆளுக்குப் பாதி. நட்டம் வந்தால் என் முதலில் கழியும், அவனுக்கு உழைப்பு வீணாகும். கவனயீனத்தால் வந்த நட்டம் மாத்திரம் அவன் பொறுப்பு.

இப்போது உண்மையான விலையைப் பாருங்கள். சாமான் 640,000, கெட்டுப்போனவை 80,000, கூலி 360,000. மொத்தம் 1,080,000 ரூபா. ரெடிமேட்டை விட இன்னும் மலிவுதான், ஆனால் கால்வாசியல்ல. கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு.

வேலை குவிந்தது ஏன்?

2024இன் முற்பகுதியில் வெட்டத் தொடங்கினோம். 6 மில்லிமீற்றர் தகடு மீற்றருக்கு 40 ரூபா என்று விலை போட்டேன். வேலை குவிந்தது. பக்கத்து ஊர்ப் பட்டறைகளிலிருந்தும் வந்தார்கள். நான் பெருமைப்பட்டேன். மூன்றாம் மாதம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

மாதத்தில் டோர்ச் உண்மையாக எரிந்த நேரம் 30 மணி. மேசையின் விலையை ஐந்து வருடங்களுக்குப் பிரித்தால் மாதம் 18,000. கராஜ் வாடகை 10,000. மின்சாரம் 14,000. நொசில், இலெக்ட்ரோட் 12,000. பழுதுக்கு ஒதுக்கு 6,000. கூட்டினால் 60,000 ரூபா. 30 மணிக்குப் பிரித்தால், எரியும் ஒரு மணிக்கு 2,000 ரூபா. எமது இயந்திரம் 6 மில்லிமீற்றரை நிமிடத்துக்கு ஒரு மீற்றர் வெட்டும். அதாவது மணிக்கு 60 மீற்றர். மீற்றருக்கு 33 ரூபா செலவு, 40 ரூபா வரவு. லாபம்தானே?

இல்லை. டோர்ச் ஒரு மணி எரிய, படம் வரைவது, தகடு ஏற்றுவது, கசடு தட்டி ஓரம் தேய்ப்பது என்று இன்னும் மூன்று மணி போகின்றது. நான்கு மணி உழைப்பு, மணிக்கு 600 வீதம் 2,400 ரூபா. அதையும் சேர்த்தால் எரியும் மணிக்கு 4,400, மீற்றருக்கு 73 ரூபா. மருமகன் சம்பளம் எடுப்பதில்லை என்பதால் இது செலவில் வராது என்று நினைத்தேன். அந்தக் கூலியைச் சேர்க்காமல் விலை போட்டால், நாம் பங்கிடுவது லாபமல்ல, அவனுடைய கூலியின் பாதியை நான் எடுக்கின்றேன். அதைச் செய்துகொண்டிருந்தேன் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கின்றது.

விலையை மீற்றருக்கு 110 ரூபாவாக்கினோம். ஒவ்வொரு முறை தகட்டைத் துளைத்துத் தொடங்குவதற்கும் தனியாக 10 ரூபா. ஏனெனில் நொசிலைத் தின்பது நீண்ட வெட்டல்ல, அடிக்கடி துளைப்பதுதான். சிலர் போனார்கள். கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்க முடியாதவர்கள் நின்றார்கள். திடீரென்று வேலை குவிந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், விலை தவறிவிட்டதா என்று பாருங்கள்.

480 துளைகள்

இன்னொரு பாடம் மிகவும் கசப்பானது. ஒரு கொந்தராத்துக்காரர் கூரைத் தூண்களுக்கு 10 மில்லிமீற்றர் தடிப்பில் 120 அடித்தகடுகள் கேட்டார். ஒவ்வொன்றிலும் 14 மில்லிமீற்றர் துளை நான்கு, 12 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு. "வியாழக்கிழமை தருவேன்" என்று வாக்குக் கொடுத்தவன் நான். கொடுத்தும் விட்டோம். மட்டக்களப்புப் பக்கம் வேலைத்தளத்திலிருந்து மறுவாரம் கோல் வந்தது. போல்ட் இறங்கவில்லை.

பிளாஸ்மா வெட்டும் துளை மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் வரும். துளையின் விட்டம் தகட்டின் தடிப்பை விட இரண்டு மடங்காவது இருந்தால் பிரச்சினை குறைவு. அதற்குக் குறைந்தால் நடுப்புள்ளியை மட்டும் டோர்ச்சால் அடையாளமிட்டு, ட்ரில் இயந்திரத்தால் துளைக்க வேண்டும். வெட்டின் அகலமான ஒன்றரை மில்லிமீற்றரையும் படத்தில் கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் துண்டு சிறுக்கும். இவையெல்லாம் இன்று எனக்கு மனப்பாடம்.

வேன் பிடித்து, ட்ரில்லை ஏற்றிச் சென்று, மூன்று நாட்கள் 480 துளைகளையும் சரிசெய்து கொடுத்தோம். செலவு 46,000 ரூபா. "மாமா, பிழை என்ட. என் பங்கில் கழியுங்க" என்றான் மருமகன். கழிக்கத்தான் நினைத்தேன். ஆனால் எழுதிய கடதாசி இருந்ததால் மௌலவியிடம் போனேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒரு தகட்டை முதலில் வெட்டி, போல்ட்டைப் போட்டுப் பார்க்க அவருக்கு நீங்கள் ஒருநாள் அவகாசம் கொடுத்தீர்களா?" நான் கொடுக்கவில்லை. ஒருநாள் கேட்டவனிடம் "வாக்குக் கொடுத்தாயிற்று" என்று அவசரப்படுத்தியது நான். 46,000 ரூபாவும் என் முதலிலிருந்து கழிந்தது. இன்று எமது கராஜில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புது வேலையானாலும் முதல் துண்டை வெட்டி, அளந்து, பொருத்திப் பார்த்த பிறகே திகதி சொல்வோம்.

பாதுகாப்பும் அயலாரும்

தண்ணீர்த் தட்டு பொறியையும் புகையையும் அடக்கும். ஆனால் தண்ணீருக்கு மேலே அலுமினியம் வெட்டினால் ஐதரசன் வாயு சேர்ந்து வெடிக்கும் ஆபத்து உண்டு. நாங்கள் அலுமினிய வேலை எடுப்பதில்லை. நாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சலை உண்டாக்கும். காற்றோட்டமின்றி அதை வெட்டாதீர்கள். ஒளியை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது, வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளும்தான். சட்டத்துக்கு நல்ல ஏர்த் அவசியம். வீட்டு மின் இணைப்பு போதுமா என்பதை மின்னியலாளரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். பிளாஸ்மாவும் கொம்பிரஷரும் ஒன்றாக இழுத்தபோது எமது வீட்டு ட்ரிப் சுவிட்ச் பல தடவை விழுந்தது. பிரதேச சபையின் அனுமதியையும் விசாரியுங்கள். இஷாவுக்குப் பிறகு நாங்கள் வெட்டுவதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு நோயாளி இருக்கின்றார். அயலாரின் உரிமையை மிதித்துத் தேடும் ரிஸ்கில் பரக்கத் இராது.

அப்படியானால் செய்யலாமா?

செய்யலாம். சென்ற வருடம் ஒரு மோட்டரின் டிரைவர் எரிந்தது. ரெடிமேட் இயந்திரம் என்றால் ஆள் வரும்வரை நாட்கணக்கில் நின்றிருக்கும். மருமகன் அன்றிரவே வேறொன்றைப் பூட்டினான். தன் கையால் பூட்டியதைத் தன் கையால் கழற்றத் தெரியும். இதுதான் சொந்தமாகச் செய்வதன் உண்மையான லாபம். 28 இலட்சத்துக்கு வட்டிக் கடனில் மாட்டிக்கொள்ளாமல் தொழில் தொடங்கியது இரண்டாவது லாபம்.

ஆனால் தொடங்குமுன் மூன்று மாதக் கொப்பி எழுதுங்கள். சாமானுக்கு ஒரு வரி, கெட்டுப்போவதற்கு ஒரு வரி, உழைப்புக்கு ஒரு வரி என்று மூன்று வரிகளையும் முதல் நாளே போடுங்கள். சொந்தக்காரருடன் என்றால் இன்னும் கவனமாக எழுதுங்கள். கற்றுக்கொள்வதைப் பழைய இரும்பில் கற்றுக்கொள்ளுங்கள், வாடிக்கையாளரின் தகட்டில் அல்ல. இந்த நான்கையும் நாங்கள் பிந்தியே கற்றோம். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் சந்திப்போம்.